இரண்டு நொடிக்கு முன்னால்

வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் காலையில் போய் நின்றால், எட்டுப் போடுகிறவர்களைப் பார்க்கலாம். முதல் கியரில், காலைத் தரையில் ஊன்றாமல், எட்டு வடிவத்தில் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டால் தேர்ச்சி. பத்து வருடமாக ஊருக்குள் வண்டி ஓட்டியவருக்குக்கூட அங்கே வியர்த்துவிடும். மெதுவாகப் போகும்போதுதான் இருசக்கர வண்டியைச் சாயாமல் வைத்திருப்பது கடினம். வேகம் கூடினால் வண்டி தானே நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். அதனால் எட்டு உண்மையிலேயே கடினமான சோதனைதான். ஆனால் நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு ஆட்டோ சட்டென்று திரும்பினால் என்ன செய்வீர்கள் என்று அந்த மைதானத்தில் யாரும் கேட்பதில்லை. சாலை கேட்கிற கேள்வியோ அதுதான்.

அந்தக் கேள்வியை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஹாரி ஹர்ட். 1970-களின் பிற்பகுதியில் அவருடைய குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981-ல் வந்த அறிக்கை இன்றைக்கும் இந்தத் துறையில் அடிப்படை நூலாக இருக்கிறது. அதில் இரண்டு விவரங்கள் என்னை விடவேயில்லை. ஒன்று, விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டார், நண்பர்களிடமோ வண்டி கற்றவர்கள். நம் ஊரில் எண்ணிப் பார்த்தாலும் இப்படித்தானே இருக்கும்? மாமாவின் வண்டியில், விளையாட்டு மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் கற்றவர்கள்தான் நாம் எல்லோரும். இன்னொன்று, ஆபத்து தெரிந்த கணத்திலிருந்து மோதுகிற கணம்வரை ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு.

இரண்டு நொடியில் யோசிக்க முடியாது. கை அதுவரை பழகியதைச் செய்யும், அவ்வளவே. பழகாததை அது அந்த நேரத்தில் கற்றுக்கொள்ளாது. ஆகையால் பொறுப்பான ஓட்டுநர் என்று ஒருவரைச் சொன்னால், அவர் அந்த இரண்டு நொடிக்கு முன்னாலேயே, வீட்டு வாசலிலும் சந்தி வருவதற்கு முன்பும், எடுத்து வைத்த முடிவுகளைத்தான் சொல்கிறோம். அந்த முடிவுகளை நம் கண்ணையும் அனுபவத்தையும் நம்பி எடுத்தால் தவறிவிடும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. சாலையைப் பொறுத்தவரை கண்ணும் அனுபவமும் அடிக்கடி பொய் சாட்சி சொல்கின்றன.

முதலில் வேகம். கண்ணில் பட்டது மூளைக்கு எட்டி, விரல் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 17 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் ஓரளவு நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 10 மீட்டர் வேண்டும். மொத்தம் 27 மீட்டர். இப்போது அதே இடத்தில் இன்னொருவர் 60-ல் வருகிறார். அந்த ஒன்றரை நொடியில் அவர் 25 மீட்டர் கடந்திருப்பார். 27-ஆவது மீட்டரில், முதலாமவர் காலை ஊன்றி நின்றுவிட்ட அதே இடத்தில், இவருடைய வண்டியின் வேகம் எவ்வளவு? 57 கிலோமீட்டர். பிரேக் இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. வேகத்தில் 20 கூட்டினோம். விளைவு ஒருவர் நின்றுவிடுவதும் மற்றவர் ஏறக்குறைய முழு வேகத்தில் மோதுவதும். 57 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 13 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். காரில் இருப்பவரைச் சுற்றித் தகரமும் காற்றுப்பையும் உண்டு. பைக்கில் இருப்பவர் அப்படியே விழுகிறார்.

இதை உடம்பு நமக்குச் சொல்வதில்லை. 60-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம், ஓட்டுகிறவருக்குக் காதில் கொஞ்சம் கூடுதலான காற்றுச் சத்தம் மட்டுமே. கொஞ்ச நேரம் 80-ல் போய்விட்டு 60-க்கு வந்தால் வண்டி நின்றுவிட்டதைப் போலத் தோன்றும். புறவழிச்சாலையிலிருந்து ஊருக்குள் நுழையும் இடங்களில் இந்தத் தோற்றம் மிகவும் ஆபத்தானது. அங்கே மனம் சொல்வதை விட்டுவிட்டு, ஸ்பீடோமீட்டர் முள்ளைத்தான் நம்ப வேண்டும்.

பிரேக்கைப் பற்றியும் நம்மிடையே ஒரு தவறான பாடம் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறது. “முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்” என்று சொல்லித்தான் பெரும்பாலோருக்கு வண்டி கற்றுத் தரப்படுகிறது. வண்டியின் வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின்மீது சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்துக்குச் சாலையில் பிடிமானம் இல்லை. பின்பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. ஹர்ட்டின் குழு கண்டதும் இதுதான். விபத்து நேரத்தில் பலர் பின்பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. ஆபத்து முன்பிரேக்கில் இல்லை. அதை வெடுக்கென்று பிடிப்பதிலும், வளைவிலும் மணலிலும் பிடிப்பதிலும்தான் இருக்கிறது. நேராகப் போகையில், முதலில் மெல்ல அழுத்தி, எடை முன்னால் வந்ததும் அழுத்தத்தைக் கூட்டுவது ஒரு பழக்கம். ஆளில்லாத மைதானத்தில் அரைமணி நேரம் செய்து பார்த்தால் கை கற்றுக்கொள்ளும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் குறைந்தவற்றில் இரு சக்கரத்துக்கும் சேர்ந்து பிரேக் பிடிக்கும் அமைப்பாவது இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் சாலையில் பழைய வண்டிகள் ஏராளம். அவற்றில் இந்த வேலையைக் கைதான் செய்தாக வேண்டும்.

சக்கரத்தின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. திரும்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வார இறுதியில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வண்டியோட்டிப் போகிறார்கள். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 30 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால், காய்ந்த தார்ச்சாலை தரக்கூடிய பிடிமானத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் செலவாகும்; மீதி கையிருப்பில் இருக்கும். 40-ல் எடுத்தால் உள்ளது முழுவதும் தீர்ந்து, அதற்கு மேலும் தேவைப்படும். பத்து கிலோமீட்டரில் இவ்வளவு மாறுவதற்குக் காரணம், தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதுதான். அந்த நிலையில் பயந்து பிரேக்கைத் தொட்டால் இல்லாத பிடிமானத்தைக் கேட்கிறோம். வண்டி கீழே போகும். சாலையில் சிந்திய மணலோ, கோடை கழிந்து பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் குழைந்த படலமோ இருந்தால் 30-கூட அதிகம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் பின்னால் இருக்கும் இயற்பியல் இவ்வளவுதான்.

அடுத்தது கண். “பாத்துட்டுத்தான் திரும்பினேன், வண்டி எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல” என்று கார் ஓட்டியவர் சொல்வதை விபத்து நடந்த இடங்களில் அடிக்கடி கேட்கலாம். அவர் பொய் சொல்வதாகக் கூடியிருப்பவர்கள் கொந்தளிப்பார்கள். பல நேரங்களில் அவர் சொல்வது உண்மை. நாம் தலையைத் திருப்பிப் பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் நின்று, துள்ளி, அடுத்த இடத்தில் நிற்கிறது. துள்ளும் அந்த நேரத்தில் வரும் காட்சியை மூளை ஏற்றுக்கொள்வதில்லை. இடைவெளியைத் தானே ஒட்டி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நம்மை நம்ப வைக்கிறது. பேருந்து அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ள முடியாது. நேர் எதிரே வரும் ஒல்லியான ஒரு பைக் ஒளிந்துகொள்ளலாம்.

கண்ணில் பட்டாலும் வேகம் தெரிவதில்லை. எதிரே வரும் பொருள் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்தே அதன் வேகத்தை மூளை கணிக்கிறது. பைக்கின் உருவம் சிறியது. அருகில் வரும்வரை அது பெரிதாவதே தெரியாது. அதனால் ஒரே தூரத்தில் ஒரே வேகத்தில் வரும் லாரியைவிட பைக் தள்ளியிருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றும். இரவில் இன்னும் மோசம். காரின் இரண்டு விளக்குகள் நெருங்க நெருங்க விலகிக்கொண்டே போவதில் தூரம் தெரிகிறது. பைக்கில் இருப்பது ஒற்றை ஒளி. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் பகலிலும் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படி விதி வந்ததற்குக் காரணம், பைக்கைப் பிறர் கண்ணில் படவைப்பது. தொடக்கத்தில், “தம்பி, லைட்டு எரியுது” என்று எதிரில் வருபவர்கள் விரல்களைக் குவித்து விரித்துச் சைகை காட்டியது நினைவிருக்கும்.

இது தெரிந்துவிட்டால், சந்தியில் உங்களுக்குத்தான் வழி என்றாலும் வேகத்தைக் குறைத்து, விரலைப் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டு கடப்பது கோழைத்தனமாகத் தோன்றாது. அந்தக் காரோட்டி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆனாலும் காணாமல் இருக்கலாம். ராங் சைடில் வருவது ஏன் இத்தனை உயிரைப் பறிக்கிறது என்பதும் புரியும். சந்திலிருந்து பெரிய சாலையில் இடப்பக்கம் திரும்புகிறவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். வண்டிகள் வர வேண்டிய திசை அது. ராங் சைடில் வருகிறவர், யாருமே பார்க்காத திசையிலிருந்து வருகிறார். யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்பதற்காக 200 மீட்டர் எதிர்த்திசையில் வருகிறவர்கள் விதியை மீறுகிறோம் என்ற அளவில்தான் நினைக்கிறார்கள். பிறர் கண்ணிலிருந்து தங்களை அழித்துக்கொண்டு வருகிறோம் என்று நினைப்பதில்லை.

செல்போனும் இதே வகைதான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசினால் இரண்டு கையும் வண்டியில்தானே இருக்கிறது என்கிறார்கள். 2001-ல் அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் பாவனை வண்டியோட்டும் சோதனையில் கண்டது, கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் சிவப்பு விளக்கைத் தவறவிடுவது கூடுகிறது என்பது. போன் பிடித்துக்கொள்வது கையை அல்ல, கவனத்தை.

கண் இப்படியென்றால் அனுபவம் இன்னும் தந்திரமானது. ஒரு தவறு பத்தாயிரம் தடவையில் ஒரு தடவை விபத்தில் முடியும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சிக்னல் விழுவதற்கு முன் பாய்வது, ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க்மேல் வைத்துக்கொண்டு போவது, வளைவில் லாரியை முந்துவது, எதுவாகவும் இருக்கட்டும். மீதி 9,999 தடவையும் ஒன்றும் ஆகாது. ஐந்து நிமிடம் மிச்சமாகும். ஒவ்வொரு தடவையும் சாலை அந்தத் தவறுக்குப் பரிசு தந்து அனுப்புகிறது. பத்து வருட அனுபவசாலி என்றால், பத்து வருடம் அந்தப் பரிசை வாங்கியவர் என்றும் பொருள். “எத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா” என்பது சாட்சியமாகத் தோன்றும். அதில் சாட்சியம் எதுவும் இல்லை. 1981-ல் ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் கார் ஓட்டுகிறவர்களிடம் அவரவர் திறமையைப் பற்றிக் கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர், இருப்பவர்களில் பாதிக்கு மேலானவர்களைவிடத் தாங்கள் திறமையாக ஓட்டுவதாகச் சொன்னார்கள். கணக்குப்படி அது 50 சதவீதத்துக்கு மேல் இருக்கவே முடியாது.

பதின்வயதினருக்கு இதோடு இன்னொன்றும் சேர்கிறது. திடீர் ஆசையை அடக்கி விளைவை எடைபோடும் மூளைப்பகுதி முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் எடுக்கும் அபாயம் கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த செய்தி. தனியாக ஒழுங்காக ஓட்டும் பையன் பின்னால் இரண்டு பேர் ஏறியதும் மாறிப்போகிறான். இதைக் கெட்ட குணம் என்று திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. 2019 சட்டத் திருத்தம் 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் வைத்திருப்பதன் நியாயம் இதுவே.

இனி ஹெல்மெட். 1935 மே மாதம், அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ், இங்கிலாந்தில் தன் வீட்டருகே மோட்டார் சைக்கிளில் போகும்போது சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களுக்காக வண்டியை ஒடித்துக் கீழே விழுந்தார். தலையில் அடி. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்துபோனார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அந்தச் சாவு கெய்ர்ன்ஸைத் துளைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் தொடங்கி, இராணுவச் செய்தி கொண்டு ஓடும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் இருட்டடிப்பு இரவுகளில் விழுந்து செத்தபோது, அவர் கணக்கெடுக்கத் தொடங்கினார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்கள் சாலையில் இறந்திருந்தார்கள். ஹெல்மெட் அணிந்து அடிபட்டவர்கள் அவர் பார்வைக்கு வந்தது ஏழு பேர்தான். ஏழு பேரும் பிழைத்தார்கள். 1941-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்நாட்டில் கட்டாயமானது 1973-ல்தான். அறிவு கிடைத்து முப்பது ஆண்டுகள் அது வாசலிலேயே நின்றது. நம் சட்டத்தில் 1988-லேயே ஹெல்மெட் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் அணிந்தே தீர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

“பக்கத்துக் கடைக்குத்தானே, மெதுவாத்தான் போறேன்” என்பதற்கு இயற்பியலில் ஒரு பதில் உண்டு. வண்டி எந்த வேகத்தில் போனாலும், சாய்ந்து விழுகிறவரின் தலை தரையை நோக்கி வரும் வேகத்தைத் தீர்மானிப்பது அது இருந்த உயரம். 1.7 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் அடிக்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலும் அதே கதி. தார்ச்சாலையில் அந்த வேகம் சில மில்லிமீட்டருக்குள் பூஜ்யமாகிறது. 3 மில்லிமீட்டர் என்று கொண்டால் தலை தாங்கும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல 550 மடங்குக்கு மேல். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தெர்மாகோல் அடுக்கு நசுங்கி இரண்டரை சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் அது 70 மடங்குக்கு இறங்கிவிடும். ஹெல்மெட் செய்யும் வேலை இவ்வளவே: நிற்பதற்கு இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகத் தருகிறது. அதன் பயன், 2008-ல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைவது.

ஆகவே வெளி ஓட்டைவிட உள்ளே இருக்கும் தெர்மாகோல் முக்கியம். ஒரு முறை நசுங்கினால் அது மீண்டும் எழாது. விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் முடிந்துபோனது. போலீசுக்காக வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் சட்டியில் ஸ்பாஞ்சு மட்டும்தான் இருக்கும்; அது அமுங்கி எழுமே தவிர அடியை வாங்கிக்கொள்ளாது. ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் முதல் சட்டவிரோதம். தாடைப்பட்டையைப் பூட்டாமல் போட்டால், விழும்போது முதலில் பறப்பது ஹெல்மெட், பிறகு தரையில் படுவது தலை.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே மிக அதிகமான விபத்துகள், 64,105, நடந்தது தமிழ்நாட்டில்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த முடிவும் அவர் கையில் இல்லை. பின்சீட்டு கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. வேகத்தடையில் பின்சக்கரம் ஏறும் உதை முழுவதும் அங்கேதான் போகும். ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால் அதில் பாதியைத்தான் உணர்வார். “சின்ன மேடுதானே” என்று அவருக்குத் தோன்றுவது அதனால். அதே மேட்டில்தான் சேலை கட்டிப் பக்கவாட்டில் அமர்ந்து, ஒரு கையில் பையும் மடியில் பிள்ளையுமாக இருக்கும் அம்மா சீட்டிலிருந்து எழும்பிவிடுகிறார். அவருக்குப் பிடிமானம் ஒரே கை. இரண்டு காலும் ஒரே பக்கம். பின்னால் கைப்பிடியும், கால் வைக்கும் படியும், சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரத்தை மறைக்கும் கம்பியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகுக்காக அந்தக் கம்பியைக் கழற்றிவிடுகிற இளைஞர் தன் தங்கை ஏறும் வண்டியில்தான் அதைச் செய்கிறார். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளையை ஏற்றினால் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. ஸ்கூட்டரின் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கும், பின்னால் இருந்து முன்னோக்கி வரும் அப்பாவின் 70 கிலோ எடைக்கும் நடுவே, திடீர் பிரேக்கில் வேறெதுவும் இல்லை.

நம் சாலைகளில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று இருக்கிறது. ஸ்டாண்டை எடுக்காமல் ஒருவர் கிளம்பிவிட்டால், முன்பின் தெரியாத யாரோ வேகமாக வந்து, பக்கத்தில் சேர்ந்து, “அண்ணே, ஸ்டாண்டு!” என்று சொல்லிவிட்டுப் போவார். துப்பட்டா தொங்கினால் “அக்கா, துப்பட்டா!” என்று நாலு பேர் குரல் கொடுப்பார்கள். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. கையை உயர்த்தி நன்றி சொல்கிறார்கள். இந்தப் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். சிக்னலில் பக்கத்தில் நிற்பவரின் தாடைப்பட்டை தொங்கினால் “அண்ணே, பெல்ட்டு மாட்டலை” என்று சொல்லலாம். பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு பறக்கிற பையனிடம், “தம்பி, முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் இருக்குப்பா” என்று சொல்லலாம்.